கை வீசாதவள்

கிராமச் சுகாதார நிலையத்தின் இன்சுலின் அலமாரி செம்பாயிக்குத் திறக்கவில்லை.

"உங்க கைப்பட்டை இன்னிக்கு உழைப்பு பத்தலைன்னு காட்டுதுக்கா, அதான் திறக்கல," என்றாள் நர்ஸ் மெர்சி.

செம்பாயி தன் மணிக்கட்டுப் பட்டையை முறைத்தாள். கை வீசி நடந்தால்தான் அது அடிகளை எண்ணும். நாற்று நடுகிறவளின் கை வீசாது. காலும் சேற்றுக்குள் சாண் சாணாகத்தான் பின்னால் நகரும். விடிந்ததிலிருந்து வயலில் குனிந்தே கிடந்தவளை, 'நாள் முழுக்க ஓய்வு' என்று அது எழுதியிருந்தது.

"டவுன்ல ஏசி ஹால்ல நடக்குறவங்களுக்கு உடனே திறந்துருதுக்கா. நீங்களும் இந்த வராந்தாவுல நாலாயிரம் அடி நடந்துட்டீங்கன்னா..."

செம்பாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்தாள். "நடக்குறேன் தாயி, ஊசி வேணுமே! நான் சும்மா கெடந்தேன்னு எழுதுனவன் மத்தியானம் என்னத்தத் தின்னான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."