வாழைப்பழ வாசனை

பஞ்சு மூடியைத் திறந்த நொடியில் அந்தப் பழ ஈ குழாயிலிருந்து பறந்துவிட்டது. பெனிட்டா ஓடிப்போய் ஆய்வகக் கதவைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள். கற்றுக்கொடுத்த எதையும் மறந்துவிடும் ஈக்களின் பரம்பரையில் வந்தது அது. மரபணுவைச் சரிசெய்த நாற்பதில் பிழைத்தது இது ஒன்றுதான். நேற்று முழுக்க வாழைப்பழ வாசனையைக் காட்டும்போதெல்லாம் அதற்கு மெல்லிய மின் அதிர்ச்சி கொடுத்திருந்தாள். இன்று அந்த வாசனைக்கு அது பயந்தால், நினைவு திரும்பிவிட்டதென்று பொருள். இரண்டு வருட உழைப்பு பலித்துவிடும்.

உதவியாளர் தவமணி பதறவில்லை. கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றைப் புட்டியில் போட்டு, அதன் வாயில் காகிதப் புனலைச் செருகினார். தப்பிய ஈக்களை அவர் பிடிப்பது எப்போதும் இப்படித்தான்.

"விடுங்கம்மா, பழத்துக்கு வராத ஈ உண்டா?"

பெனிட்டா புட்டியைப் பார்த்தாள். வந்தால் ஈ கிடைக்கும். ஆனால் அது எல்லாவற்றையும் மறந்துவிட்ட ஈ. வராவிட்டால் அது மறக்கவில்லை; ஆனால் கையில் ஈ இல்லாமல் அதை யார் நம்புவார்கள்?

சிவப்புக் கண்களோடு அது புனலின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. முன்கால்களைத் தேய்த்துக்கொண்டது.

"வா கண்ணு, உள்ள வா" என்று தவமணி கிசுகிசுத்தார்.

"கூப்பிடாதீங்கண்ணே" என்றாள் பெனிட்டா.

ஈ ஒரு காலைப் புனலுக்குள் நீட்டி, அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டது.