அக்காவுக்குத் தெரியாத விடுமுறை

உலகத்தாருக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: புரூக்ளினில் பஸ் ஓட்டும் ராய்ஸ்டனாகிய நானும் என் மனைவி ஜாய்செலும், ஒன்பது வருடம் கழித்து, கையைக் கடிக்காத செலவில் ஒரு கரீபியன் தீவுக்கு விடுமுறைக்குப் போகிறோம்.

தீவு கிரெனடா, நாங்கள் பிறந்த மண். டிக்கெட் மலிவுதான், சொந்தக்காரர்கள்தான் கட்டுப்படியாகாது. வீட்டுக்குப் போனால் ஆளுக்கொரு செருப்பு, சட்டை, சென்ட் என்று நாலு பெட்டி நிரப்ப வேண்டும். அதனால் எங்களைத் தெரியாத வடகோடி விடுதியொன்றில், தன் பிறந்தவீட்டுப் பெயரில் ஜாய்செல் அறை பிடிக்கிறாள். சாயங்கால வெயில் சமையல் மேசையில் சாய்ந்து கிடக்கிறது. அடுப்பில் கருவாடு கொதிக்கிறது. பணம் கட்டும் பொத்தானை அழுத்திவிட்டு, "அங்க போனதும் தொப்பியைக் கழட்டாத. யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாத" என்கிறாள். "சொந்த ஊருக்குத் திருடப் போற மாதிரி இருக்குடி" என்கிறேன். அப்போது என் போன் அடிக்கிறது. எடுத்தால் திரை முழுக்க, ஊரிலிருக்கும் க்ளாரிஸ் அக்காவின் முகம், பின்னால் கோழிகள். ஜாய்செல் கம்ப்யூட்டரை மூடி, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்கிறாள்.

"இந்த வருஷமாச்சும் வர்றியாடா?"

"லீவு இல்லக்கா."

அக்கா என்னையே பார்க்கிறாள். "பெட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்டா. வெறுங்கையோட வா. மூஞ்சியைக் காட்டிட்டுப் போ, போதும்."

என் காது சுடுகிறது. ஜாய்செல் மேசையில் இல்லாத கறையை விரலால் தேய்க்கிறாள். "அடுத்த வருஷம் கண்டிப்பாக்கா" என்கிறேன்.

அறைக்குக் கட்டிய பணத்தை அந்த விடுதியில் திருப்பித் தரமாட்டார்கள்.