காலியாகாத பெயர்

ஒரு பெயர் ஒருவருக்குத்தான் என்பது சட்டம். அவர் கண்மூடினால்தான் அடுத்தவருக்கு. தாரகை தன் மகளுக்கு ஆசைப்பட்ட 'ஞாழல்' நாகப்பட்டினத்தில் ஒரு கிழவியிடம் இருந்தது. கடலோரம் பொன்னாய்ப் பூக்கும் மரத்தின் பெயர், விட மனமில்லை. மாதாமாதம் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஆரஞ்சுப் பழப் பையோடு போய் நலம் விசாரித்தாள்.

"உடம்பு எப்படி இருக்கு பாட்டி?"

"நேத்து இருமல்," என்று ஆசை காட்டினாள் கிழவி. "இன்னைக்குச் சரியாப்போச்சு."

தாரகையின் முகம் தொங்கிப்போனது.

கிழவி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். "இவளை இப்போ என்னன்னு கூப்பிடுறே?"

"பாப்பான்னுதான்."

"என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க," என்றபடி கிழவி ஆரஞ்சை உரித்தாள். "இந்தப் பேரு காலியாகி எங்கிட்ட வந்தப்போ எனக்கு அறுபது வயசு."