ஒழுக்கக்கேடு, பெயர்ச்சொல்

மேசையருகே வந்து நின்ற பதிப்பாசிரியரிடம் அவள் சீட்டை நீட்டினாள்.

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள இன்னும் நேரம் இருந்தது.

அதற்குள் அவர் வாங்கிக்கொண்டார்.

அகராதி அலுவலகத்தில் சொல்லுக்கு ஒரு சீட்டு. பொருள் எழுதுவது பதிப்பாசிரியர் தணிகாசலம். சொல் எப்படி வழங்குகிறது என்று காட்ட ஒரு வாக்கியம் எழுதுவது அவள் வேலை. பதினொரு வருடமாக யாரையும் உறுத்தாத வாக்கியங்கள்.

வருடா வருடம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வேலையும் நீடிக்கும்.

இன்று வந்த சொல் ஒழுக்கக்கேடு.

'நெறி தவறிய நடத்தை' என்று பொருள் எழுதியிருந்தார்.

குடி, சூது என்று அவளும் ஏதாவது எழுதியிருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை மதியம், பயிற்சிக்கு வந்திருந்த ஷெரின் தாள்களோடு அவர் அறைக்குள் போனாள். தாழ் விழுந்தது.

"வேணாம் சார்."

ஒரு முறைதான் கேட்டது.

அப்போது இவள் 'ஒலி' என்ற சொல்லில் இருந்தாள். எழுந்து போகவில்லை. 'கோயில் மணி ஒலித்தது' என்று எழுதி முடித்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து ஷெரின் வரவில்லை.

தணிகாசலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

'பயிற்சிக்கு வந்த பெண்ணை உள்ளே வைத்துக் கதவைத் தாழிட்டவரின் ஒழுக்கக்கேடு, வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும்.'

இன்னொரு முறை படித்தார்.

"ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்கேம்மா. காலியா விட்டுட்டீங்க. எந்தப் புத்தகம்?"

குரல் கனிவாகத்தான் இருந்தது. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தி.

"புத்தகம் இல்ல சார். காதால கேட்டது."

"நீங்க ஒருத்தர் கேட்டாப் போதுமா?"



"நானும் கேட்டேன் சார்."

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. பிழை திருத்தும் ஆசீர்வாதம். வணக்கம்கூடத் தலையசைப்பில் சொல்லுகிற மனிதர். எழுந்து நின்றிருந்தார். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

தணிகாசலம் அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். கூடத்தில் மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

சன்னலோரத்தில் இன்னொரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.