ஃபோகஸ் லைட்

சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றான்.

ஐந்து மணிக்கு இன்னும் மூன்று நிமிடம்.

மாடியேறும்போது வாசல் தாழ்ப்பாள் விலகிக் கிடந்தது. மனைவி பாலுக்குப் போயிருப்பாள்.

மொட்டைமாடிக்கு நடுவே ஆறடிச் சுவர். பெண்பிள்ளைக்கும் பாதி வீடு என்று கோர்ட் சொன்ன அதே வாரம் அவன் எழுப்பியது. பூசக்கூட இல்லை. அந்தப் பக்கம் தங்கை செண்பகவல்லி.

பாதி வீட்டைப் பிடுங்கிக்கொண்டவள் பேசாமல் தூங்கவாவது செய்யலாம். விடியுமுன் மாடிக்கு வந்து வானத்தைப் பார்க்கிறாள். விண்வெளி நிலையம் போகிறதாம். அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்களாம். நட்சத்திரம் நடந்து போவதுபோல் தெரியுமாம். இன்றைக்கு ஐந்து மணிக்கு வருமென்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

போன வாரம் அவள் சிரித்தது சுவரைத் தாண்டிக் கேட்டது.

வயிறு எரிந்தது. ஒற்றை ஆளாக அப்படியென்ன சிரிப்பு?

நேற்று ஃபோகஸ் லைட் வாங்கி, மாடிப்படிக் கூரையின் மேல் அவள் பக்கமாகத் திருப்பி மாட்டினான். இன்றைக்கு அவள் ஒன்றையும் பார்க்கக் கூடாது. கதவைத் தட்டி, அண்ணே, லைட்டை அணை என்று கெஞ்ச வேண்டும்.

அவன் அணைக்க மாட்டான்.

சுவிட்சைத் தட்டினான்.

சரியாக எரிகிறதா என்று விளக்கையே ஒரு முறை பார்த்துக்கொண்டான். பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவள் பக்கத்துத் தரை, துணிக்கொடி, கைப்பிடிச் சுவர் எல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

ஆள் இல்லை.

ஓடிவிட்டாள்.

மனசு குளிர்ந்தது. வந்ததற்கு நாமும்தான் பார்ப்போமே என்று தலையைத் தூக்கினான். விளக்கைப் பார்த்த கண்ணில் விளக்குதான் நின்றது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

சுவரடியிலிருந்து தங்கையின் குரல் வந்தது. மிக அருகில். சுவரின் நிழலுக்குள், சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"செவுத்து நெழலு எம்புட்டு இருட்டா இருக்கு பாத்தியா? அந்தா, தலைக்கு நேரா வந்துட்டு பாரு."

யாரிடம் பேசுகிறாள்?

"மெல்லப் பேசுங்க அத்தே."

ஏழு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டிய அவனுடைய மகளின் குரல்.

"எங்கப்பா தலை அங்க தரையில தெரியுது."

குனிந்து பார்த்தான். வெள்ளைத் தரையில் ஒரு பெரிய கறுப்புத் தலை.

அசைந்தால் அதுவும் அசையும்.

அசையாமல் நின்றான்.