சீதாராவம்மாவின் சாட்சி

ஆண்டவரிடம் உங்களை அழைத்து வந்தது யார் என்று கேட்டு, போதகர் மைக்கைச் சீதாராவம்மாவின் கையில் கொடுத்தார்.

முன்வரிசையில் தீவெனம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

தெனாலியில் அந்தத் தெருவுக்கே தெரியும். வருஷக்கணக்காகப் பக்கத்து வீட்டுச் சீதாராவம்மாவின் படியேறி வசனம் சொன்னவள் தீவெனம்மா. அவள் காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்தவள். கிறிஸ்துமஸுக்கு அதிரசத்தோடு சுவிசேஷக் கைப்பிரதியும் வைத்துக் கொடுத்தவள். இன்று அந்த அம்மாள் ஞானஸ்நானம் எடுத்து ஈரத்தலையோடு நிற்கிறாள் என்றால், வேறு யாரால்?

சீதாராவம்மா மெல்லிய குரலில் கிருபாவதி என்றாள்.

தீவெனம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

தன் மருமகளா?

நாலு பேர் நடுவில் வாய்விட்டு ஜெபிக்கத் தெரியாதவள். ஒரு வசனத்தைப் பிசகாமல் சொல்லமாட்டாள். கைக்குழந்தை அழும் என்று அவளைக் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார வைத்திருந்தாள் தீவெனம்மா.

தனக்குத் தெரியாமல் இவள் எப்போது அந்த வீட்டுப் படியேறினாள்? மதியம் தான் கண்ணயரும் நேரத்திலா? என்ன பேசி அந்த அம்மாளைக் கைக்குள் போட்டுக்கொண்டாள்?

கிருபாவதி உங்களிடம் என்ன சொன்னாள் என்று போதகரும் அதையே கேட்டார்.

"அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லலைங்க ஐயா. எங்க அடுப்படி ஜன்னல் அவங்க கொல்லைப் பக்கமா இருக்கு. விடிஞ்சதுலேர்ந்து அவ வாங்குற திட்டெல்லாம் என் காதுல விழும். பெத்தவங்களையும் சேர்த்து இழுப்பாங்க. ஒரு சொல் அவ திருப்பிச் சொன்னதில்லை. திட்டுன அதே ஆளு கால் வலிக்குதுன்னா, உட்கார்ந்து எண்ணெய் தேய்ச்சு விடுவா. அதுவும் முகம் சுளிக்காம. இப்படி ஒரு மனசைக் கொடுத்த சாமி யாருன்னு பார்க்கத்தான் நான் வந்தேன்."

சபை ஸ்தோத்திரம் என்றது.

போதகர் கிருபாவதியை முன்னால் வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் நடக்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தபடியே நின்றாள்.

வரலாமா என்று அவள் யாரைக் கேட்டு நிற்கிறாள் என்று, சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது.