மருமகள் பக்கத்துக் கறி

கமர்ஜஹானின் கை மறுபடியும் மருமகள் பக்கம் போனது.

ஒரே தாம்பாளத்தைச் சுற்றி மூன்று பெண்கள். இப்படிச் சகனில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீண்டால் சின்னப் பிள்ளையைக்கூட அதட்டுவார்கள். இங்கே என்னடாவென்றால், வீட்டுக்கே பெரிய மனுஷி, கல்யாணமாகி வந்த புது மருமகள் முன்னால் குவித்திருந்த கறியைத் துண்டு துண்டாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார்!

மகள் நசீம் பானுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குத்தான் வேடசந்தூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"ஏம்மா, உன் பக்கம் கறி இல்லையா?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"அப்பறம் எதுக்கு ருக்சானா பக்கம் கை போகுது? அது புதுப் பொண்ணுக்குன்னு அத்தா அள்ளி வச்சது."

"எனக்குக் கறின்னா உசுரு. நீ உன் சோத்தைப் பாருடி."

மருமகள் ருக்சானா தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் மேல் கோபமா? அட, நீங்க வேற! 'யா அல்லா, இந்த மாமிக்கு இன்னும் நல்லாப் பசிக்கணும்' என்று மனசுக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ருக்சானாவுக்குச் சின்ன வயசிலிருந்தே கறி ஆகாது. பிரியாணிச் சோறு எப்படியோ இறங்கிவிடும். துண்டை வாயில் வைத்தால் குமட்டும்.

ஆனால், பெண் பார்க்க வந்த அன்று மாமனார் அப்துல் ஜப்பார் கேட்ட முதல் கேள்வியே, "புள்ள நல்லாக் கறி சாப்பிடுமா?" என்பதுதான். திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருக்கிற மனுஷர் வேறென்ன கேட்பார்? ருக்சானாவின் அம்மா யோசிக்கவே இல்லை. "கறி இல்லாட்டி சோத்தைத் தொடவே மாட்டா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தாலே ருக்சானாவுக்குப் பயம்தான். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடையிலிருந்து வீட்டுக்குப் பிரியாணி வரும். மாமனார் தன் கையாலேயே அவள் பக்கம் கறியைக் குவிப்பார். துண்டுகளை மிச்சம் வைத்தால் அம்மா சொன்ன பொய் சந்தி சிரித்துவிடும். நல்லவேளை, மாமிக்கு நாக்கு நீளம். முதல் வெள்ளிக்கிழமையே பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை.

நசீம் இன்றைக்கு விடுவதாக இல்லை.

"எந்திரிம்மா. நான் அவ பக்கத்துல உக்காந்துக்கிறேன். நீ சாப்பிடு ருக்சானா, யாரு கை நீட்டுறான்னு பாக்குறேன்."

ருக்சானாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பரவால்ல மதினி, மாமியே இருக்கட்டும்" என்றாள் அவசரமாக.

"பாவம், வாயில்லாப் பூச்சி! அதான் இவ தலையில இந்தம்மா மொளகா அரைக்குது. அத்தா, இங்க வந்து அம்மா பண்ற கூத்தைப் பாருங்க. வெளிய தெரிஞ்சா நம்மளைக் காறித் துப்புவாங்க!"

அடுத்த பாயில் ருக்சானாவின் புருஷன் சதாமோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்துல் ஜப்பார் எழுந்தே வந்துவிட்டார்.

"என்னா கமரு இது? கடையில சட்டி சட்டியாக் கறி வேகுது. நீ வீட்டுக்கு வந்த புள்ளையோட கறியப் புடுங்கித் திங்கிறியா? வெக்கமா இல்ல?"

கமர்ஜஹான் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

ருக்சானா வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். மாமி திட்டு வாங்குவார், அதோடு போச்சு. ஆனால் அவளால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"மாமா, மாமியைத் திட்டாதீங்க. எனக்குக் கறி புடிக்காது. எங்கம்மா பொய் சொல்லிட்டாங்க. மாமி எடுத்துக்கிட்டதாலதான் இம்புட்டு நாளும் நான் தப்பிச்சேன்."

சதாம் வாய்க்குக் கொண்டுபோன பிடியை அப்படியே தாம்பாளத்தில் வைத்துவிட்டான்.

அப்துல் ஜப்பார் அவளை உற்றுப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட கிறுக்குப் புள்ள! இதுக்கா இம்புட்டுப் பயந்த? புடிக்கலேன்னா புடிக்கலேன்னு சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்? ஏ நசீமு, புள்ளைக்கு ரெண்டு முட்டையப் பொரிச்சுக் கொண்டா!"

"அடிப்பாவி, உனக்காகவாடி நான் எங்கம்மாகிட்டச் சண்டை போட்டேன்!" என்று நசீமும் சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள்.

அப்பாடா! ருக்சானாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இத்தனை நாள் பயந்தது இதற்குத்தானா? சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இந்தாங்க மாமி, என் பக்கத்துக் கறி மொத்தமும் இனிமே உங்களுக்குத்தான்" என்று சந்தோஷமாக அள்ளி மாமியார் பக்கம் வைக்கப் போனாள்.

கமர்ஜஹான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்படியைப் பார்த்து, "நசீமு, எனக்கும் சேத்துப் பொரிடி!" என்று குரல் கொடுத்தார். அப்புறம் மருமகள் காதோரம் குனிந்தார்.

"மொத வெள்ளிக்கிழமையே உன் முகத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன் புள்ள. எனக்கும் கறி ஆகாது. நான் மருமகளா வந்தப்ப, எடுத்துத் திங்கப் பக்கத்துல ஆளில்லாமப் போச்சு."